ஐந்து ஊர் நிலமும் ஓர் ஆறும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அடுத்த வீட்டுத் தலைமையாசிரியர் வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே அவருடைய மனைவியாரும் வந்தார். தலைமையாசிரியர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை. முப்பத்து நான்கு வருஷம் கரும்பலகையுடன் போராடியதற்குப் பலனாக அவர் கைக்கு ஒரு தொகை வந்திருக்கிறது. அதை எங்கே வைப்பது என்பதுதான் இப்போது அந்த வீட்டின் பெரிய கவலை.

"தம்பி, இதைப் பாருங்கள்" என்று அவர் ஆரம்பித்தார். "மனிதர்கள் யோசித்து யோசித்து முதலீடு செய்த காலம் மலையேறிவிட்டது. இனி எல்லாம் கணக்கு! எது எப்போது ஏறும், எது எப்போது இறங்கும் என்பதைக் கணிப்பொறியே பார்த்துக்கொள்கிறது. அது மட்டுமல்ல. பங்கு, கடன் பத்திரம், தங்கம், எண்ணெய், அயல்நாட்டு நாணயம் என்று பணத்தைப் பத்துச் சந்தைகளில் பிரித்துப் போடுகிறார்கள். ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கிக்கொள்ளும். நஷ்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை!"

இதுவரையில் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார்: "எங்கள் அப்பாவுக்கும் ஐந்து ஊரில் நிலம் இருந்தது. எல்லாம் ஒரே ஊரில் இருந்தால், அங்கே உடைப்பெடுத்தால் போயிற்று, பூச்சி விழுந்தால் போயிற்று என்று யோசித்து யோசித்து வாங்கினார். காவேரியில் தண்ணீர் வராத வருஷத்தில் ஐந்து ஊரும் சேர்ந்துதான் காய்ந்தது. ஊர்தான் ஐந்து, ஆறு ஒன்றுதானே?"

தலைமையாசிரியர் சிரித்தார். நாம் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் இரண்டு வாக்கியத்தில் சொன்ன பாடத்தைக் கற்றுக்கொள்வதற்கு அமெரிக்காவிலே மகா மேதாவிகள் சிலர் சுமார் 460 கோடி டாலர் கட்டணம் செலுத்த நேர்ந்தது. அந்தக் கதை நமக்கு ஞாபகம் வந்தது. நேயர்களுக்கும் அதைச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

பிரித்து வைக்கும் சாஸ்திரம்

பணத்தைப் பிரித்து வைப்பது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. பிரித்து வைக்காததனால் வரும் கேட்டை நம் சென்னைப் பட்டணம் நன்றாக அறியும். 1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அர்பத்நாட் கம்பெனி என்னும் வெள்ளைக்காரப் பாங்கி கதவைச் சாத்தியது. துரைமார் வைத்து நடத்தும் பாங்கி ஆயிற்றே என்று நம்பித் தங்கள் சேமிப்பு முழுவதையும் அங்கேயே போட்டு வைத்திருந்த குடும்பங்கள் தெருவில் நின்றன. அதன் தலைவராயிருந்த ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் தண்டனை பெற்றுச் சிறை சென்றார். ஆனால் போன பணம் அதனால் திரும்பி வந்துவிடுமா? அந்தக் கண்ணீரிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் பாங்கி பிறந்தது. ஒரே இடத்தை நம்பக் கூடாது என்ற புத்தி நமக்கு அன்றே வந்துவிட்டது.

ஆனால் எப்படிப் பிரிப்பது? இதைக் கணித சாஸ்திரமாக்கியவர் ஹாரி மார்க்கோவிட்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் சிகாகோ சர்வகலாசாலையில் படித்தவர். 1952-இல், தமது 24-வது வயதில், பதினைந்து பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிலே அவர் கூறிய கருத்தை நம் நாட்டு உதாரணத்தைக் கொண்டு விளக்கலாம். ஒருவர் நஞ்சை நிலத்துடன் பக்கத்து நஞ்சையையும் வாங்கினால் சொத்து இரண்டாகும், ஆபத்து ஒன்றேதான். அவரே ஓர் உப்பளத்தை வாங்கினால் விஷயம் வேறு. மழை பெய்தால் உப்பளம் கெடும், நெல் விளையும். வெயில் காய்ந்தால் நெல் வாடும், உப்பு விளையும். ஆகவே ஒவ்வொரு சொத்தும் தனியாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அவை சேர்ந்து ஆடுகின்றனவா, எதிரெதிராக ஆடுகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். இதை அளந்து சொல்லும் வழியை மார்க்கோவிட்ஸ் சூத்திரமாக எழுதிக் கொடுத்தார். 1990-இல் அவருக்கு, வேறு இருவருடன் சேர்த்து, பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அருமையான சூத்திரம், சந்தேகமில்லை. ஆனால் அதிலே ஒரு சிறு முள் இருக்கிறது. எவை சேர்ந்து ஆடும், எவை எதிராக ஆடும் என்பதை நேற்றைய புள்ளி விவரங்களைக் கொண்டுதான் அளக்க முடியும். நாளைக்கும் அவை அப்படியே ஆடும் என்பதற்கு யார் ஜாமீன்?

மேதாவிகளின் சபை

1994-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், நியூயார்க்கை அடுத்த கிரீனிச் என்ற ஊரில் ஒரு முதலீட்டு நிதி வேலை தொடங்கியது. அதன் பெயர் லாங் டெர்ம் காபிடல் மானேஜ்மெண்ட். தமிழிலே சொல்வதானால் 'நீண்ட கால மூலதன நிர்வாகம்'. இந்த நீண்ட காலம் ஐந்து வருஷம்கூட நீடிக்கவில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அதைத் தொடங்கியவர் ஜான் மெரிவெதர். ஸாலமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு ஸ்தாபனத்தில் கடன் பத்திர வியாபாரத்தில் பெயர் பெற்றவர். அவருடன் சேர்ந்தவர்களின் ஜாபிதாவைப் பார்த்தால் அது வியாபார ஸ்தலமா, சர்வகலாசாலையா என்ற சந்தேகம் வரும். ராபர்ட் மெர்ட்டன், மைரன் ஷோல்ஸ் என்ற இரு பொருளாதாரப் பேராசிரியர்கள். அமெரிக்காவின் மத்திய பாங்கியாகிய பெடரல் ரிசர்வில் உபதலைவராயிருந்த டேவிட் மல்லின்ஸ். இன்னும் கணிதத்தில் கரை கண்ட பல இளைஞர்கள்.

100 கோடி டாலருக்குச் சற்று மேற்பட்ட மூலதனத்துடன் அவர்கள் ஆரம்பித்தார்கள். குறைந்தது ஒரு கோடி டாலர் கொண்டு வராதவர்களுக்கு உள்ளே இடமில்லை. போட்ட பணத்தை மூன்று வருஷம் எடுக்க முடியாது. வருஷந்தோறும் நூற்றுக்கு இரண்டு நிர்வாகக் கட்டணம். லாபத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து நிர்வாகிகளுக்கு. இவ்வளவும் போக 1995-இல் நூற்றுக்குச் சுமார் 43 லாபம் வந்தது. 1996-இல் சுமார் 41. உலகம் மூக்கின்மேல் விரலை வைத்தது. 1997-இல் மெர்ட்டனுக்கும் ஷோல்ஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கணித தேவதையும் லக்ஷ்மி தேவியும் ஒரே வீட்டில் குடியேறிவிட்டதாகவே தோன்றியது.

அந்த வருஷக் கடைசியில் நிதியின் நிர்வாகிகள் ஒரு காரியம் செய்தார்கள். வெளியார் போட்டிருந்த பணத்தில் சுமார் 270 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பணம் திரும்பி வந்ததே என்று அவர்களில் பலருக்கு மனஸ்தாபம்! ஒன்பது மாதம் கழித்து அவர்கள் தங்கள் அதிர்ஷ்டத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

புது நோட்டும் பழைய நோட்டும்

இவர்கள் செய்த வியாபாரந்தான் என்ன? தீபாவளி சமயத்தில் பேரன் பேத்திகளுக்குக் கொடுப்பதற்குப் புது நோட்டாக வேண்டும் என்று நம்மில் பலர் அலைகிறோம். அந்தச் சில நாட்களில் புதிய நூறு ரூபாய் நோட்டுக்கு நூறு ரூபாய் ஐம்பது காசு கொடுப்பதற்குக்கூட ஆள் இருக்கலாம். ஆனால் பண்டிகை முடிந்தபின் புது நோட்டும் நூறு ரூபாய்தான். கசங்கிய நோட்டும் நூறு ரூபாய்தான். இது தெரிந்தவன் என்ன செய்வான்? புது நோட்டை இரவல் வாங்கி விற்பான். பழைய நோட்டை வாங்கி வைத்துக்கொள்வான். பண்டிகை முடிகிறவரையில் பொறுத்திருப்பான். ஐம்பது காசு லாபம்.

அமெரிக்க சர்க்காரின் முப்பது வருஷக் கடன் பத்திரங்களில் புதிதாக வெளிவந்ததற்குக் கிராக்கி அதிகம். ஆறு மாதத்துக்கு முன் வந்தது சற்று மலிவு. இரண்டுக்கும் பணம் கொடுக்கப் போவது அதே சர்க்கார்தான். கிரீனிச் மேதாவிகள் மலிவானதை வாங்கி, கிராக்கியானதை இரவல் வாங்கி விற்றார்கள். சந்தை முழுவதும் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? இரண்டுக்கும் இடையேயுள்ள வித்தியாசம் குறைந்தால் லாபம். இப்படியே இத்தாலியக் கடன் பத்திரங்கள், டென்மார்க்கின் வீட்டுக் கடன் பத்திரங்கள், ஜப்பானிய வட்டி விகிதங்கள், ஐரோப்பியப் பங்குச் சந்தைகளின் ஏற்ற இறக்கம், ஒன்றோடொன்று இணையப் போகும் கம்பெனிகளின் பங்குகள், பிரேஸில், ருஷ்யா என்று எத்தனையோ தேசங்களில், எத்தனையோ சந்தைகளில் பிரித்துப் பிரித்து வைத்தார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சந்தைகள்! எல்லாம் ஒரே நாளில் கெடுவதாவது!

ஒரு கஷ்டம் மட்டும் இருந்தது. நூற்றுக்கு அரைக்கால், கால் என்று வரும் லாபத்தில் கோடீசுவரர் ஆவது எப்படி? கடன் வாங்கித்தான். 1998-ஆம் வருஷத் தொடக்கத்தில் அந்த நிதியின் சொந்த மூலதனம் சுமார் 470 கோடி டாலர். அதை வைத்துக்கொண்டு அவர்கள் பிடித்திருந்த சொத்து சுமார் 12,500 கோடி டாலர். அதாவது, கைப்பணம் ஒரு ரூபாய். சொத்து இருபத்தாறு ரூபாய். மற்ற இருபத்தைந்து ரூபாயும் கடன். இருபத்தாறு ரூபாய்ச் சொத்தில் ஒரே ஒரு ரூபாய் குறைந்தால் நூற்றுக்கு நாலுகூட ஆகாது. ஆனால் சொந்தப் பணம் முழுவதும் அத்துடன் காலி!

ஒரே குடும்பத்தின் இரண்டு பங்கு

அவர்களுடைய முயற்சிகளில் ஒன்றைச் சற்று விவரமாகப் பார்ப்போம். ஹாலந்திலே ராயல் டச்சு என்று ஓர் எண்ணெய்க் கம்பெனி. இங்கிலாந்திலே ஷெல் என்று ஒரு கம்பெனி. இரண்டும் 1907-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு ஒரே குடும்பமாயின. வருகிற வருமானத்தில் நூற்றுக்கு 60 ராயல் டச்சுக்கு; 40 ஷெல்லுக்கு. அண்ணன் தம்பி இருவர் ஒரே தோப்பின் மகசூலை இப்படிப் பங்கிட்டுக்கொண்டால், அவர்களுடைய பங்குகளின் விலையும் அதே விகிதத்தில்தானே இருக்க வேண்டும்? ஆனால் சந்தையில் ஷெல் பங்கு நியாயமான விலையைவிட நூற்றுக்குச் சுமார் எட்டு, பத்து குறைவாக விற்றது.

நிதியார் ஷெல்லை வாங்கி, ராயல் டச்சை இரவல் வாங்கி விற்று வைத்தார்கள். என்றைக்காவது ஒரு நாள் வித்தியாசம் மறைந்தே தீர வேண்டும். கணக்கு அப்பழுக்கில்லாதது. 1998-இல் அந்த வித்தியாசம் குறைவதற்குப் பதிலாக நூற்றுக்கு 20-க்கு மேல் வளர்ந்தது. 2005-இல் இரண்டு கம்பெனிகளும் சட்டப்படி ஒன்றாக இணைந்தன. வித்தியாசம் அடியோடு மறைந்தது. மேதாவிகள் சொன்னது நூற்றுக்கு நூறு பலித்தது! ஆனால் அதைக் கண்டு களிக்க அவர்களுடைய நிதி அப்போது உயிருடன் இல்லை. கணக்குச் சரி, காலம் போதவில்லை. ஒருவனிடம் கடன் பட்டவனுக்குக் காலம் சொந்தமல்ல.

1998, ஆகஸ்டு

அந்த வருஷம் ஜூலையிலேயே சகுனம் சரியாயில்லை. மெரிவெதர் முன்பு வேலை பார்த்த ஸாலமன் ஸ்தாபனம், அமெரிக்கக் கடன் பத்திரங்களில் இதே முறையில் வியாபாரம் செய்து வந்த தன் பிரிவை மூடிவிட்டது. அங்கே குவிந்திருந்த சரக்கு சந்தைக்கு வந்தது. கிரீனிச்சில் இருந்ததும் பெரும்பாலும் அதே மாதிரிச் சரக்குத்தான்.

ஆகஸ்டு 17-ந் தேதி ருஷ்ய சர்க்கார் ரூபிளின் மதிப்பைக் குறைத்தது. ரூபிளில் வாங்கியிருந்த கடனைத் திருப்பித் தர முடியாது என்றும் கையை விரித்தது. ருஷ்யாவில் இந்த நிதி போட்டிருந்த பணம் அதன் அளவுக்கு அதிகமல்ல. ஆயினும் பீதி என்பது எல்லைச் சாவடியில் நின்று அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டா பிரயாணம் செய்கிறது? உலகமெங்கும் பணம் வைத்திருந்தவர்கள் கொஞ்சமேனும் சந்தேகத்துக்கு இடமான சரக்கை எல்லாம் விற்றுவிட்டு, மிகவும் பத்திரமானது எதுவோ அதையே வாங்க ஓடினார்கள். பழைய நோட்டை யாரும் தொடவில்லை. புது நோட்டுக்கு அடிதடி!

அந்த நிதியின் மதிப்பு சாதாரணமாக ஒரு நாளைக்குச் சுமார் நான்கரைக் கோடி டாலர் ஏறி இறங்கும் என்பது அவர்களுடைய கணக்கு. ஆகஸ்டு 21, வெள்ளிக்கிழமை ஒரு நாளில் மட்டும் 55 கோடி டாலர் போயிற்று. கணக்கைப் போலப் பன்னிரண்டு மடங்கு! பிரபஞ்சம் தோன்றியது முதல் இன்று வரை காத்திருந்தாலும் இப்படி ஒரு நாள் வரக் கூடாது என்று சூத்திரம் சொல்லிற்று. நாள் வந்தேவிட்டது. அந்த ஒரு மாத நஷ்டம் சுமார் 190 கோடி டாலர்.

இத்தாலியில் நஷ்டம், டென்மார்க்கில் நஷ்டம், ஜப்பானில் நஷ்டம், எண்ணெய்க் கம்பெனிப் பங்கில் நஷ்டம். எதிரெதிராக ஆட வேண்டியவை எல்லாம் ஒரே தாளத்துக்கு ஆடின. செப்டம்பர் 23-ந் தேதி, நியூயார்க் பெடரல் ரிசர்வ் பாங்கியின் கட்டடத்தில் பெரிய பாங்கிகளின் தலைவர்கள் கூடினார்கள். இந்த நிதி விழுந்தால் அதற்குக் கடன் கொடுத்த தங்கள் தலையிலேயே விழும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சர்க்கார் பணம் ஒரு காசும் போடவில்லை. பதினான்கு ஸ்தாபனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டு, நிதியில் நூற்றுக்குத் தொண்ணூறு பாகத்தை எடுத்துக்கொண்டன. வருஷ ஆரம்பத்தில் 470 கோடியாயிருந்த மூலதனத்தில் அப்போது மிஞ்சியது சுமார் 40 கோடிதான். நிர்வாகிகளின் சொந்தப் பணம் சுமார் 190 கோடி டாலரும் அத்துடன் போய்விட்டது.

இதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இவர்கள் ஊரார் பணத்தை வாங்கி ஏப்பம் விட்டவர்கள் அல்ல. தங்கள் சொந்தப் பணத்தையும் அதே சட்டியில் போட்டவர்கள். தங்கள் கணக்கை உண்மையாகவே நம்பியவர்கள். மோசடிக்காரனிடமிருந்து நம்மைச் சட்டம் காப்பாற்றக்கூடும். உண்மையாக நம்பித் தவறு செய்கிறவனிடமிருந்து யார் காப்பாற்றுவது?

ஆறு எது?

டென்மார்க்கில் வீடு கட்டக் கடன் வாங்கியவனுக்கும் ருஷ்ய சர்க்காருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. சரக்குகளைப் பார்த்தால் சம்பந்தமே தெரியாது. அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்த கைகளைப் பார்த்தால்தான் தெரியும். ஒரே விதமான புத்திசாலிகள், ஒரே விதமான கணக்கைப் போட்டு, ஒரே விதமான பாங்கிகளிடம் கடன் வாங்கி, ஒரே விதமான சரக்குகளைப் பிடித்திருந்தார்கள். ஓரிடத்தில் நஷ்டம் வந்ததும் கடன்காரர்கள் பணம் கேட்டார்கள். நஷ்டம் வந்த சரக்கு விலை போகாது. ஆகவே கையில் எது விலை போகுமோ அதை விற்றார்கள். அதன் விலையும் இறங்கிற்று. அதைப் பிடித்திருந்த மற்றவர்களுக்கும் கடன்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். ஊர்கள் பலவாயிருந்தும் எல்லா வயல்களுக்கும் பாய்ந்தது கடன் என்ற ஓர் ஆற்றின் தண்ணீர்தான். ஆறு வற்றிய அன்று எல்லாம் சேர்ந்து காய்ந்தது.

1998-க்குப் பிறகும் இந்தப் பாடம் முடிந்துவிடவில்லை. 2007-ஆம் வருஷம் ஆகஸ்டு இரண்டாவது வாரத்தில், கணிப்பொறிக் கணக்கைக் கொண்டு பங்கு வாங்கி விற்கும் அமெரிக்க நிதிகள் பல, சில நாட்களுக்குள் பெரு நஷ்டம் அடைந்தன. வார முடிவில் பொதுச் சந்தைக் குறியீடு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது! வெளியே காற்றே இல்லை. ஒரே கணக்கை வைத்திருந்த வீடுகளில் மட்டும் புயல்.

யேல் சர்வகலாசாலையின் அறநிதியை 1985 முதல் நிர்வகித்த டேவிட் ஸ்வென்ஸன், வழக்கமான பங்குகளையும் கடன் பத்திரங்களையும் குறைத்துக்கொண்டு காடு, நிலம், சந்தைக்கு வராத தனியார் கம்பெனிகள் முதலிய மாற்றுச் சொத்துக்களில் பிரித்து வைத்தார். அவருடைய கீர்த்தி பெரிது. ஆனால் 2009 ஜூனில் முடிந்த வருஷத்தில் அந்த நிதியும் நூற்றுக்கு 24.6 நஷ்டம் அடைந்து, 2,290 கோடி டாலரிலிருந்து 1,630 கோடியாகக் குறைந்தது. 2022-இல் அமெரிக்காவிலே வட்டி விகிதம் வேகமாக உயர்ந்தபோது, ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும் என்று பேர் பெற்ற பங்குகளும் கடன் பத்திரங்களும் கைகோத்துக்கொண்டு விழுந்தன.

அப்படியானால் கணக்கும் வீண், பிரித்து வைப்பதும் வீண் என்று ஆகுமா? ஆகாது. யேல் நிதி விழுந்ததே தவிர இறக்கவில்லை. நாளைக்கே பணம் கொடு என்று கழுத்தைப் பிடிக்கும் கடன்காரன் தலைமேல் ஏறாதபடி அது நடந்து வந்தது. 1985-இல் சுமார் 130 கோடி டாலராயிருந்த அந்த நிதி 2020-இல் 3,120 கோடியாக வளர்ந்திருந்தது. கணித மேதை ஜிம் சைமன்ஸ் 1988-இல் தொடங்கிய மெடாலியன் என்னும் நிதி, கணக்கை மட்டுமே நம்பி முப்பது வருஷத்துக்கு மேல் அபாரமான லாபம் காட்டியது. ஆனால் அந்த நிதியில் வெளியாருக்கு இடமில்லை. அங்கே வேலை செய்கிறவர்களின் பணம்தான் உண்டு. அதே ஸ்தாபனம் வெளியாருக்காக நடத்திய நிதிகள் 2020-இல் பெரு நஷ்டம் கண்டன. உள்ளார் நிதியோ அதே வருஷம் கொழுத்த லாபம் கண்டது. வீடு வீடாக வழவழப்பான புத்தகம் அனுப்புகிறவர்களைப் பற்றி யோசிக்கும்போது இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் வீட்டுக் கணக்கு

இந்தக் கதையை எல்லாம் கேட்டு முடித்ததும் தலைமையாசிரியர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "கோடி டாலர் விஷயம் நமக்கு எதற்கு, தம்பி? நம் வீட்டுக்கு என்ன வழி?" என்று கேட்டார்.

நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். எத்தனை இடத்தில் பணம் இருக்கிறது என்று எண்ணுவது போதாது; எத்தனை ஆற்றிலிருந்து தண்ணீர் வருகிறது என்று எண்ண வேண்டும். பிள்ளை ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறான். சேமிப்பை அதே கம்பெனியின் பங்கில் போடுகிறான். அந்தக் கம்பெனி இருப்பதனாலேயே விலை ஏறிய இடத்தில் கடனுக்கு வீடு வாங்குகிறான். சம்பளம், பங்கு, வீடு என்று மூன்று ஊர். ஆனால் ஒரே ஆறு. அமெரிக்காவில் என்ரான் கம்பெனி 2001 டிசம்பரில் திவாலானபோது, அதன் சிப்பந்திகளில் ஆயிரக்கணக்கானவர்கள் உத்தியோகத்தையும், அதே கம்பெனியின் பங்கில் வைத்திருந்த முதுமைக் காலச் சேமிப்பையும் ஒன்றாக இழந்தார்கள்.

இரண்டாவது, கடன் வாங்கி முதலீடு செய்வது. நகையை அடகு வைத்தும், வீட்டின்மேல் கடன் வாங்கியும் பத்துச் சந்தையில் பிரித்துப் போட்டவனுக்குப் பத்துச் சந்தை கிடையாது; ஒரே கடன்காரன்தான். மூன்றாவது, காலம். அடுத்த வருஷம் மகள் கல்யாணத்துக்கோ பேரன் படிப்புக்கோ வேண்டிய பணம், பத்து வருஷம் பொறுத்தால் நிச்சயம் ஏறும் என்கிற சரக்கில் இருக்கக் கூடாது. நிச்சயம் ஏறும் என்பது உண்மையாகவே இருக்கலாம்; ராயல் டச்சுக் கணக்கும் உண்மையாகத்தானே இருந்தது!

பேச்சு இங்கே நின்றது. நமக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கியிருந்தது. "காவேரி வராத அந்த வருஷம் உங்கள் அப்பா என்ன செய்தார்?" என்று அந்த அம்மாளைக் கேட்டோம்.

"என்ன செய்வார்? அம்மா குதிரில் ஒரு வருஷ நெல் வைத்திருந்தாள். அதைக் காய்ச்சிக் காய்ச்சிக் கஞ்சியாகக் குடித்தோம். எதிர் வீட்டுக்காரருக்கும் எங்களைப் போலவே ஐந்து ஊரில் நிலம். ஆறாவது ஊரிலும் வாங்க வேண்டும் என்று ஐந்தையும் அடகு வைத்திருந்தார். அந்த வருஷம் வட்டி கட்ட முடியவில்லை, ஆறும் போயிற்று. அடுத்த வருஷம் தண்ணீர் வந்தது. எங்கள் நிலம் எங்களிடம் இருந்தது. அவருக்குத் தண்ணீர் வந்தது, நிலம் இல்லை."

தலைமையாசிரியர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து, "வா, போகலாம். முதலில் குதிரை நிரப்புவோம், மிச்சமிருந்தால் ஊர் பார்க்கலாம்" என்றார்.

புத்தகத்தை மறந்து நம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். இன்னும் வந்து கேட்கவில்லை.